மண்ணீரல் வீக்கமும் மருத்துவரின் ஏடும்

கல்லீரலையும் மண்ணீரலையும் ‘இரு இரத்தங்கள்’ எனச் சேர்த்துச் சொல்லும் நபிமொழி ஒன்று இப்னு மாஜாவின் தொகுப்பில் உள்ளதை நம்முள் பலர் அறிவர். ஆகுமான உணவுகளைப் பற்றிய அந்த அறிவிப்பில் மண்ணீரலைக் குறிக்கும் சொல் ‘திஹால்’. யூனானி ஹகீம்கள் உருதுவில் அதனைத் ‘தில்லி’ என்பர். நெடுநாட் காய்ச்சலுக்குப் பின் இடப்பக்க விலாவின் கீழ் அவ்வுறுப்பு திரண்டு தட்டுப்படுவதைத் தமிழில் ‘காய்ச்சற்கட்டி’ என்று வழங்கினர். மருத்துவம் கல்லாத மக்கள் வைத்த பெயராயினும், அதில் காரணமும் விளைவும் ஒருங்கே அடங்கியுள்ளன. காய்ச்சல் காரணம், கட்டி விளைவு. பின்வந்த பல அலுவலக ஏடுகளில் இந்த எளிய பகுப்புக்கூட இல்லாமற் போனதையே நாம் இக்கட்டுரையில் பேச எண்ணுகிறோம்.

வளர்ந்த மனிதரிடத்தில் மண்ணீரல் ஏறக்குறைய நூற்றைம்பது கிராம் எடையுள்ளது. ஒன்பதாம் விலா முதல் பதினொன்றாம் விலா வரையுள்ள எலும்புகளின் மறைவில் அது ஒதுங்கிக் கிடக்கும். நலமுற்றிருக்கும்போது மருத்துவரின் விரலுக்கு அது அகப்படுவதில்லை. அகப்படுகிறது என்றால், பொதுவாக இரு மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது என்று கொள்ளலாம். மலேரியா, காலா ஆஸார், டைபாய்டு, கல்லீரல் இறுக்கம், தலசீமியா, இரத்தப் புற்றுநோய் என அதைப் பெருக்கவைக்கும் நோய்கள் பல. ஆகவே ‘மண்ணீரல் வீங்கியுள்ளது’ என்று எழுதும் மருத்துவர் ஒரு சாட்சியத்தைப் பதிவு செய்கிறாரேயன்றி, தீர்ப்பை எழுதிவிடவில்லை. சாட்சியத்தையே தீர்ப்பாக்கிய இடங்களில் என்ன நேர்ந்தது என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு.

நோயாளியைப் பற்றி எழுதிவைக்கும் மரபு அப்பாஸியர் காலத்திலேயே கருத்தளவில் முழுமை பெற்றிருந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ, ‘அதபுத் தபீப்’ என்னும் தம் நூலில், நோயாளியின் நிலையையும் தாம் கொடுத்த மருந்தையும் மருத்துவர் எழுதிவைக்க வேண்டும் என்கிறார். நோயாளி இறந்து, உறவினர் முறையிட்டால், தேர்ந்த மருத்துவர்கள் அவ்வேட்டைப் பார்த்துச் சிகிச்சை முறையானதா என்று கூற வேண்டும் என்பது அவர் கருத்து. இது நூலில் வகுக்கப்பட்ட நெறி. எல்லா ஊர்களிலும் நடைமுறையில் இருந்ததாகக் கொள்வது மிகை. அர்ருஹாவீயின் சமயம் பற்றியும் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் மருத்துவரின் ஏடு இறந்தவருக்காகப் பேசக்கூடிய ஆவணம் என்ற எண்ணம் அங்கே தெளிவாக நிற்கிறது. இதனை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

எழுதுவது எப்படி என்பதற்கு அபூபக்ர் அர்ராஸீயை (மறைவு ஹி. 313 / கி.பி. 925) விடச் சிறந்த முன்மாதிரி இல்லை. ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராயிருந்த அவர் தமக்கெனத் திரட்டிய குறிப்புகளே, அவர் மறைந்தபின் ‘அல்ஹாவீ’ என்ற பெருந்தொகுப்பாயின. அவற்றில் முப்பத்து மூன்று நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை மாக்ஸ் மையர்ஹோஃப் 1935இல் தனியே வெளியிட்டார். முதற்குறிப்பு அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவரைப் பற்றியது. அவருக்குக் காய்ச்சல் சில வேளை நாள்தோறும், சில வேளை ஒன்றுவிட்டு ஒரு நாள், சில வேளை நான்காம் நாள், சில வேளை ஆறு நாளைக்கொருமுறை என ஒழுங்கின்றி வந்தது. மலேரியா மலிந்த நாடுகளில் இத்தகைய காய்ச்சலைக் கண்ட பிற்கால மருத்துவர் பலர், வேறெதையும் கேளாமல் அதன் பெயரை எழுதியிருப்பர். அர்ராஸீயோ இரு வாய்ப்புகளைக் குறிக்கிறார்: இது நான்காம் நாட் காய்ச்சலாக மாறலாம், அல்லது சிறுநீரகத்தில் சீழ்க்கட்டி இருக்கலாம். சில நாளில் சிறுநீரில் சீழ் வெளிப்பட்டது. இடுப்பில் பாரம் தோன்றுகிறதா என்று தொடக்கத்திலேயே தாம் கேட்டிருக்க வேண்டும் என்பதையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். ஐயத்தை ஐயமாகவே எழுதுவதும், கேட்கத் தவறிய கேள்வியைப் பதிவு செய்வதும் அவருடைய குறிப்புகளின் தனிச்சிறப்பு. இப்னு ஸீனாவின் ‘அல்கானூன்’ உறுப்புவாரியாக நோய்களை வகுக்கும் மூன்றாம் நூலில் மண்ணீரலுக்கு இடம் தந்து அதன் கடினமான வீக்கத்தை விரிவாகப் பேசுகிறது. ஆனால் அது பாடநூலின் ஒழுங்கு. அர்ராஸீயிடத்திலோ நோயாளியின் படுக்கையருகே நின்ற கை எழுதுகிறது.

மண்ணீரலை எண்ணிக் கணக்கெடுக்கும் வழக்கம் பிறந்தது நம் நாட்டில்தான். ஃபிரோஸ் ஷா துக்ளக் பதினான்காம் நூற்றாண்டில் வெட்டியதும், ஷாஜஹான் காலத்தில் அலீ மர்தான் கான் புதுப்பித்ததுமான மேற்கு யமுனைக் கால்வாயைக் கும்பினியார் மீண்டும் திறந்தனர். கால்வாய் ஓடிய கர்னால் பகுதியில் காய்ச்சல் பெருகியது. அங்கிருந்த படைமுகாமை 1840களின் தொடக்கத்தில் கைவிட நேர்ந்தது. குற்றம் கால்வாயினுடையதா என்று ஆராய 1845இல் பேக்கர், டெம்ப்ஸ்டர், யூல் என்னும் மூவர் குழு அமைக்கப்பட்டது. மூவருள் டெம்ப்ஸ்டரே மருத்துவர். காய்ச்சல் வந்து போய்விடும். மக்களின் நினைவை நம்பிக் கணக்கெடுக்க இயலாது. ஆனால் காய்ச்சல் விட்டுச்சென்ற கட்டி வயிற்றில் நிற்கும். எனவே அவர் ஊர் ஊராகச் சென்று மக்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் பெருத்துள்ளது என்று கணக்கிட்டார். வடிகால் அடைபட்டு நிலத்தடி நீர் மேலேறிய ஊர்களில் அவ்வெண்ணிக்கை மிகுந்திருந்தது. குழுவின் அறிக்கை 1847இல் அரசின் கைக்கு வந்தது. பின்னர் ‘மண்ணீரல் வீதம்’ என்று பெயர்பெற்ற இம்முறையே 1908ஆம் ஆண்டின் பஞ்சாப் கொள்ளைநோயை ஆராய்ந்த கிறிஸ்டோஃபர்ஸுக்கும், பிறகு உலகெங்கும் மலேரியா ஆய்வாளர்களுக்கும் அளவுகோலாயிற்று. விலா விளிம்பு, தொப்புள், அடிவயிறு ஆகியவற்றை எல்லைகளாக வைத்துப் பெருக்கத்தைச் சுழி முதல் ஐந்து வரை படிகளாக ஹாக்கெட் 1944இல் வகுத்தார்.

டெம்ப்ஸ்டரின் கணக்கில் ஒரு மண்ணீரல் ஓர் ஊரின் வடிகாலைப் பற்றிச் சாட்சி சொன்னது. அதே யமுனைக் கரையில், முப்பதாண்டு கழிவதற்குள், இன்னொரு மண்ணீரல் கொலையுண்டவனுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைக்கப்பட்டது.

1875 அக்டோபர் 31, ஞாயிற்றுக்கிழமை. ஆக்ராவில் வழக்கறிஞராயிருந்த ஃபுல்லர் என்னும் ஆங்கிலேயர் குடும்பத்துடன் தேவாலயத்துக்குப் புறப்பட்டார். வண்டியைக் கொணரத் தாமதித்தான் என்று குதிரைக்காரன் கட்வாரூவை முகத்தில் அறைந்து, தலைமயிரைப் பற்றி இழுத்தார். அவன் கீழே விழுந்தான். வண்டி தேவாலயத்துக்குப் போயிற்று. எழுந்து பக்கத்து வளாகத்துக்குள் சென்ற கட்வாரூ சற்று நேரத்தில் இறந்தான். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், மண்ணீரல் கிழிந்ததே மரணத்துக்குக் காரணம் என்றார். அது நோயால் பெருத்திருந்ததால் மிகச் சிறிய அடியோ வீழ்ச்சியோ போதுமானது என்றும் கூறினார். இணை நீதிபதி லீட்ஸ், காயம் விளைவித்த குற்றத்துக்கு மட்டும் முப்பது ரூபாய் அபராதம் விதித்தார். கட்டத் தவறினால் பதினைந்து நாள் வெறுங்காவல். அத்தொகை கட்வாரூவின் மனைவிக்குச் சேர வேண்டும் என்றார்.

செய்தி கல்கத்தாவை எட்டியது. அலகாபாத் உயர்நீதிமன்றம், தாங்கள் இதைவிடச் சற்றுக் கூடுதலாக விதித்திருக்கக்கூடும் எனினும் தண்டனையில் தவறில்லை என்ற போக்கில் பதில் அனுப்பியது. அப்போதுதான் பதவியேற்றிருந்த வைஸ்ராய் லிட்டன் பிரபு 1876 ஜூலையில் எழுதிய குறிப்பில் இதை ஏற்க மறுத்தார். அடிக்கும் மரணத்துக்குமுள்ள தொடர்பை நீதிபதி கடுமையாக விசாரித்திருக்க வேண்டும் என்றும், வேலையாட்களை எடுத்ததற்கெல்லாம் அடிக்கும் வழக்கம் வெறுக்கத்தக்கது என்றும் அவர் எழுதினார். லீட்ஸ் கண்டிக்கப்பட்டார். வைஸ்ராய்க்கு எதிராக ஆங்கிலேயரின் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. ஃபுல்லரின் தண்டனையோ முப்பது ரூபாயாகவே நின்றது. லிட்டன் பிரபு நம் நாட்டினரின் நன்றிக்குரிய ஆட்சியாளர் அல்லர். அவர் காலத்துப் பஞ்சத்தையும், தாய்மொழிப் பத்திரிகைகளுக்கு 1878இல் அவர் பூட்டிய விலங்கையும் மறந்துவிட முடியாது. ஆயினும் இவ்வொரு குறிப்பை அவர் கணக்கில் வரவு வைப்பது நியாயம்.

ஆக்ரா வழக்கு தனித்தது அன்று. பங்கா இழுப்போர், சமையற்காரர், தோட்டக் கூலிகள் எனப் பலர் இவ்வாறு இறந்தனர். ‘பெருத்த மண்ணீரல்’ என்னும் சொல் வெள்ளைக்காரக் குற்றவாளிக்குக் கேடயமாயிற்று. 1856இல் வெளிவந்த செவர்ஸின் சட்ட மருத்துவ நூலிலேயே மண்ணீரல் கிழிவு முக்கியமான பொருளாக இடம்பெற்றுவிட்டது. இங்கே மருத்துவர் பொய் எழுதியதாக நாம் கருதவில்லை. கட்வாரூவின் மண்ணீரல் உண்மையாகவே பெருத்திருக்கலாம்; பெருத்த மண்ணீரல் எளிதில் கிழியும் என்பதும் உண்மையே. உண்மையான ஒரு கூற்று, பதிவில் வைக்கப்பட்ட இடத்தால் என்ன செய்துவிட முடியும் என்பதுதான் நம் கவலை. அடித்தவரின் கை பதிவின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. அடிபட்டவனின் வயிறு நடுவுக்கு வந்தது.

சட்டம் என்ன சொல்லிற்று? 1862 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 299ஆம் பிரிவின் முதல் விளக்கம், நோயுற்ற ஒருவரைக் காயப்படுத்தி அவர் மரணத்தை விரைவுபடுத்துபவர் அம்மரணத்தை விளைவித்தவராகவே கருதப்படுவார் என்றது. அவ்விளக்கம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. ஆக, மரணத்தை விளைவித்தது யார் என்பதில் சட்டத்துக்கு மயக்கமில்லை. மயக்கம் ‘அறிந்திருந்தாரா’ என்ற கேள்வியில் புகுந்தது. இன்ன அடி இன்னவருக்கு மரணம் விளைவிக்கும் என்ற அறிவு இல்லாதபோது கொலைக் குற்றம் நிற்பதில்லை. ‘அவன் மண்ணீரல் பெருத்திருந்ததை நான் எவ்வாறு அறிவேன்?’ என்பதே இத்தகைய வழக்குகளின் எதிர்வாதம். ஊர் ஊராக மண்ணீரலை எண்ணி அரசே அறிக்கை பெற்று முப்பதாண்டு ஆகவிருந்த நிலையில், காய்ச்சல் மலிந்த யமுனைக் கரையில் வாழ்ந்த படித்த வழக்கறிஞர் ஒருவருக்கு அந்த அறியாமையை எளிதில் வழங்கிவிட முடியுமா? அரசின் ஓர் அலுவலகம் அறிந்ததை இன்னோர் அலுவலகம் அறியாததுபோல் நடந்துகொண்டது என்றே நாம் சொல்ல வேண்டியுள்ளது.

இந்தச் சட்டத்துக்கு முன்பு வங்காளத்திலும் வட இந்தியாவிலும் குற்ற வழக்குகளுக்கு அடிப்படையாயிருந்தது, கும்பினியார் பல திருத்தங்களைப் புகுத்திய ஹனஃபி சட்டம். மர்கீனானீயின் (மறைவு ஹி. 593 / கி.பி. 1197) ‘அல்ஹிதாயா’ 1791இலேயே ஹாமில்டனால் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. உடல்நலமுள்ளவன் பார்வையற்றவனையோ, தீராப்பிணியாளனையோ, உறுப்புக் குறைந்தவனையோ கொன்றால் பழிக்குப்பழியில் வேறுபாடில்லை என்பது அந்நூலின் விதி. பிணியாளனின் உயிர் குறைந்த உயிர் அன்று என்பதே அதன் பொருள். இதைக் கொண்டு ஃபுல்லருக்கு மரண தண்டனை கிடைத்திருக்கும் என்று வாதிட நாம் வரவில்லை. அது நேர்மையும் ஆகாது. கொல்லும் கருவியின்றிக் கையால் அறைந்து நேர்ந்த மரணம் ஹனஃபி மரபில் ‘ஷிப்ஹுல் அம்து’, அதாவது வேண்டுமென்றே செய்த கொலைக்கு ஒப்பானது என்னும் வகையில் அடங்கும். அதற்குப் பழிக்குப்பழி இல்லை. கடுமையாக்கப்பட்ட முழு இழப்பீடும் (தியத்) பரிகாரமும் உண்டு. அந்த இழப்பீடு நோயாளி என்பதற்காகக் குறைவதில்லை. நூறு ஒட்டகங்கள் என்று ஃபிக்ஹ் நூல்கள் கணக்கிடும் ஓர் உயிரின் ஈட்டுக்கு எதிரே அந்த விதவைக்குக் கிடைக்கவிருந்த முப்பது ரூபாயை வைத்துப் பார்க்கலாம்.

நீதிமன்றத்துக்கு வெளியே மருத்துவமனையிலும் இதே மண்ணீரல் மருத்துவர்களின் கண்ணை மறைத்திருந்தது. வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் காய்ச்சலால் உடல் கறுத்து, வயிறு பெருத்து மக்கள் மடிந்தனர். கறுப்பைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லும் துன்பத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லும் இணைந்து ‘காலா ஆஸார்’ என்று அதற்குப் பெயராயிற்று. 1890இல் ஜைல்ஸ் கொக்கிப்புழுவைக் காரணமாக்கினார். 1897இல் ராஜர்ஸ் அதனைக் கடிய மலேரியா என்றார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலும் இத்தகைய நோயாளிகள் ‘மலேரியா நலிவு’ என்ற பெயரிலேயே ஏட்டில் ஏறினர். கொயினா கொடுத்தும் காய்ச்சல் தணியவில்லை. இரத்தத்தில் மலேரியாக் கிருமியும் தென்படவில்லை. அங்குப் பணியாற்றிய சார்ல்ஸ் டோனவன் இந்த முரண்பாட்டை விட்டுவிடவில்லை. 1903 ஏப்ரலில் இறந்த ஒருவரின் மண்ணீரலிலும், ஜூனில் உயிருடனிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த துளியிலும், மலேரியாக் கிருமி அல்லாத நுண்ணுடல்களை அவர் கண்டார். இதனிடையே மே மாதத்தில் லண்டனில் லீஷ்மன் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். டம்டம்மிலிருந்து திரும்பி இறந்த ஒரு படைவீரரின் மண்ணீரலில் அவர் 1900இலேயே அத்தகைய உடல்களைக் கண்டிருந்தார். ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து அக்கிருமிக்கு ‘லீஷ்மேனியா டோனோவானி’ என்று பெயரிட்டார். பெயர் தெளிவானபின் மருந்து தேட வழி பிறந்தது. கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920இல் யூரியா ஸ்டிபமினைக் கண்டறிந்தார். 2023இல் பங்களாதேஷ், காலா ஆஸாரைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கிய முதல் நாடு என உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. தவறான ஒரு பெயரின் கீழ்க் கொயினா விழுங்கி இறந்தவர்களின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

இறப்புக் காரணங்களை உலகம் முழுமைக்கும் ஒரே பட்டியலில் அடக்கும் முயற்சியை 1893இல் பெர்ட்டிலோன் சிக்காகோ மாநாட்டில் முன்வைத்தார். அப்பட்டியல் 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் ஆறாம் திருத்தத்தை அடைந்தபோது, இறப்புடன் நோய்களையும் தழுவியது. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எழுத்தும் சில எண்களும் கொண்ட குறியீடு உண்டு. பதினொன்றாம் திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்ட போதிலும், பல நாடுகளில் பழையதே புழங்குகிறது. இக்குறியீடுகளைப் படித்து எழுதும் பணி சென்னையிலும் திருச்சியிலும் நம் இளைஞர் பலருக்குப் பிழைப்பாகவும் ஆகியிருக்கிறது. அவர்கள் எழுதும் எண்களுக்குப் பின்னே இத்தனை வரலாறு கிடப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பட்டியலை வகுத்தவர்கள் மண்ணீரல் பெருக்கத்தை நோய்களின் அதிகாரத்தில் வைக்காமல், அறிகுறிகளுக்கான ‘ஆர்’ வரிசையில் ஆர் 16.1 என்று வைத்தனர். பெயரிலேயே ‘வேறிடத்தில் வகைப்படுத்தப்படாதது’ என்ற அடைமொழி உண்டு. கல்லீரலும் சேர்ந்து பெருத்திருந்தால் ஆர் 16.2. காரணம் தெரிந்துவிட்டால் இவ்வெண்ணுக்கு வேலையில்லை: காலா ஆஸார் என்றால் பி 55.0, தேக்கத்தால் நாட்பட்டு வந்த பெருக்கம் என்றால் டி 73.2. அமெரிக்க நடைமுறையில், புறநோயாளி ஏட்டில் மருத்துவர் ‘இருக்கலாம்’, ‘ஐயம்’ என்று எழுதியிருந்தால் அந்நோயின் எண்ணை இடக்கூடாது. அறிகுறியின் எண்ணையே இட வேண்டும். அர்ராஸீயின் இரு வாய்ப்புகள் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் குறியிடுபவர் நோயாளியைக் காண்பதில்லை. மருத்துவர் எழுதியதற்கு மேல் ஓர் எழுத்தும் அவரால் கூட்ட முடியாது. விலா விளிம்புக்குக் கீழே எத்தனை விரற்கடை, ஸ்கேனில் என்ன நீளம், காய்ச்சல் எத்தனை நாள், மஞ்சட்காமாலை உண்டா, எந்த ஊரில் தங்கியிருந்தார் என்பனவெல்லாம் எழுதப்படாமல் ‘மண்ணீரல் வீக்கம்’ என்ற இரு சொற்களோடு ஏடு முடிந்தால், அடுத்து வரும் மருத்துவருக்கும் அந்த இரு சொற்களே கிடைக்கும்.

கிழிந்த மண்ணீரலுக்கு அப்பட்டியல் மூன்று கதவுகளை வைத்திருக்கிறது. புறக்காயமின்றித் தானே கிழிந்தால் டி 73.5. வைவாக்ஸ் மலேரியாவில் கிழிந்தால் பி 51.0. காயத்தால் கிழிந்தால் எஸ் 36.0. மூன்றாவதோடு காயம் எவ்வாறு நேர்ந்தது என்பதையும் சேர்க்க வேண்டும். கைகால்களால் தாக்கப்பட்டவருக்கு ஒய் 04. மரணத்தின் அடிப்படைக் காரணம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வரையறையிலேயே, உயிர்போக்கும் காயத்தை விளைவித்த விபத்தின் அல்லது வன்முறையின் சூழ்நிலை அடங்கும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் நம் மருத்துவர்கள் நிரப்பும் சான்றுப் படிவமும் அவ்வரையறையைத் தழுவியதே. அதன் முதற்பகுதியில் உடனடிக் காரணத்திலிருந்து தொடங்கி, வரிவரியாகக் கீழிறங்கி, எல்லாவற்றையும் தொடக்கிவைத்த காரணத்தில் முடிக்க வேண்டும். மரணத்துக்குத் துணைநின்ற பிற நோய்களுக்கு இரண்டாம் பகுதி. கட்வாரூவுக்காக அப்படிவத்தை இன்று நிரப்பினால், முதல் வரியில் மண்ணீரல் கிழிவு வரும். அதன் கீழ் வரியில், முதலாளி அறைந்து தலைமயிர் பற்றி இழுத்ததால் ஏற்பட்ட காயமும் வீழ்ச்சியும் வரும். நோயால் பெருத்திருந்த மண்ணீரல் இரண்டாம் பகுதியில் வரும்.